ஏலத்தில் எடுத்த பாவித்த உடுப்பு சரியில்லை: காசை எந்த வழியால் திருப்பிக் கேட்பது?

சாறி வந்த அன்று நான் கடையில் நின்றேன். கூரியர்காரர் வீட்டில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். "ஆர் உடுத்ததோ, தண்ணியில போட்டுத்தான் உள்ள எடுக்கவேணும்" என்று அம்மா பொதியைப் பிரித்த கையோடு பேசினில் தண்ணீர் நிரப்பி, கொஞ்சம் டெட்டோலும் விட்டு ஊறப்போட்டுவிட்டார். பின்னேரம் நான் வந்தபோது அது கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. அரக்குப் பட்டு, பச்சைக் கரை. படத்தில் பார்த்ததைவிட வடிவு. கிட்டப் போய் ஒரு பக்கத்தை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். மடிப்பு இருந்த இடங்களில் அடிமட்டம் வைத்துக் கீறியது போல நேர்கோடாக வெளிச்சம் தெரிந்தது. முந்தானைக்குக் கிட்ட இரண்டு விரல் போகிற அளவுக்குப் பிரிந்தே இருந்தது.

வருடக்கணக்கில் ஒரே மடிப்பில் அலுமாரிக்குள் கிடக்கும் பட்டு அப்படித்தான் அறும். நூல் மடிப்பிலேயே நைந்துபோய் இருக்கும், விரித்ததும் விட்டுவிடும். தண்ணீர் பட்டதால் வந்த பழுது அல்ல அது. ஆனால் படம் எடுத்து அனுப்பியதும் விற்ற அக்காவிடமிருந்து வந்த பதில் ஒரே வரி: "தோய்ச்சுப்போட்டுக் கேக்கிறீங்களே தங்கச்சி?" தோய்க்க முதல் எடுத்த படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. தங்கச்சியின் எழுத்துக்கு, அதுதான் கலியாணப் பதிவுக்கு, உடுக்கவென்று பேஸ்புக் லைவ் ஏலத்தில் 6,500 ரூபாய்க்கு எடுத்த சாறி. நான்கு நாள் எழுதி எழுதி 2,500 ரூபாய் திரும்பி வந்தது.

பரந்தனில் சின்னதாக ஒரு கொமினிக்கேஷன் கடை வைத்திருக்கிறேன். போட்டோகொப்பி எடுக்க, படிவம் நிரப்ப என்று வருகிறவர்கள் இப்போது இதற்கும் வருகிறார்கள். "அக்கா, இந்த ஜீன்ஸ் பிழைச்சுப் போச்சு, இவங்களுக்கு இங்கிலீசில ஒரு மெசேஜ் எழுதித் தாங்கோ" என்று. விசுவமடு, தர்மபுரம், மாங்குளம் பக்கத்திலிருந்தும் வந்திருக்கிறார்கள். அவர்களோடு சேர்ந்து ஒவ்வொரு வழியாகப் போய்ப் பார்த்ததில், எந்த வழி எதற்குச் சரிவரும், எதில் நேரமும் தபால் செலவும்தான் போகும் என்று ஓரளவுக்குப் பிடிபட்டிருக்கிறது. என் முடிவை முதலே சொல்லிவிடுகிறேன்: காசு திரும்புமா இல்லையா என்பதில் பெரும்பங்கு, நீங்கள் காசு கொடுத்த வழியிலேயே முடிவாகிவிடுகிறது. பிறகு செய்வதெல்லாம் அந்த வழி விட்ட இடைவெளிக்குள்தான்.

ஒரு விஷயம் என்னை மிகவும் உறுத்துவது. "பழசுதானே, அதில போய் என்னத்தைக் கேக்கிறது" என்று பாதிப்பேர் பேசாமல் விட்டுவிடுகிறார்கள். எங்களுக்குப் பாவித்த உடுப்பு புதிதல்ல. 2009 இல் செட்டிகுளம் மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில் லொறியில் வந்த மூட்டைகளுக்குள் பொருந்தியதைத் தேடி எடுத்து உடுத்தியவர்கள் நாங்கள். அதில் தெறி இல்லையென்று யாரிடமும் போய்க் கேட்க முடியாது, அது தந்தது. இது காசு கொடுத்து வாங்குவது. இரண்டையும் ஒன்றாக்கிக் கூச்சப்படத் தேவையில்லை. இலங்கையில் 1896 ஆம் ஆண்டிலிருந்தே பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. விபரம் சொல்லி விற்கும் பொருள் அந்த விபரத்துக்கு ஒத்திருக்க வேண்டும் என்பது அதில் உள்ள விதி. புதுசுக்கு ஒரு விபரம், பழசுக்கு ஒரு விபரம் என்று கிடையாது.

பிடிக்கவில்லையா, சொன்னபடி இல்லையா?

வழியைத் தெரிவு செய்ய முதல் இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லுங்கள். நிறம் போனில் பார்த்ததைவிடக் கொஞ்சம் மங்கல், உடுத்தினால் எடுப்பாக இல்லை, இன்னொரு கடையில் மலிவாகக் கண்டேன் என்பதெல்லாம் பிடிக்காதது. அதற்கு விற்றவர் மனம் வைத்தால்தான் உண்டு. "பட்டு" என்று போட்டது நைலெக்ஸாக வந்தால், "கறை இல்லை" என்று போட்டதில் கக்கத்துப் பக்கம் மஞ்சள் பூத்திருந்தால், எழுதிய அளவுக்கும் வந்த அளவுக்கும் இரண்டு அங்குலம் வித்தியாசம் என்றால், அது சொன்னபடி இல்லாதது. கீழே சொல்லும் வழிகள் எல்லாம் இந்த இரண்டாவது வகைக்குத்தான் பலம் கொடுக்கும்.

ஈபே என்ற ஒன்லைன் ஏலத் தளம் தொடங்கிய கதையிலேயே இது இருக்கிறது. 1995 இல் பியர் ஒமிடியார் அந்தத் தளத்தை ஆரம்பித்தபோது முதலில் விற்ற பொருள் பழுதான ஒரு லேசர் பொயின்டர், விலை 14.83 டொலர். பழுதானது என்று தெரியுமா என வாங்கியவரைக் கேட்டாராம். பழுதான பொயின்டர்களைச் சேர்ப்பதே தன் வேலை என்று பதில் வந்ததாம். பழுது என்று சொல்லி விற்றால் பழுதைக் காட்டிக் காசு கேட்க முடியாது. ஆகவே ஏலம் கேட்க முதலே விபரத்தை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். லைவ் ஏலமென்றால் விற்பவர் வாயால் சொல்வதையும் போனில் பதிந்து வையுங்கள், லைவ் முடிந்ததும் வீடியோவை அழித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

பட்டா இல்லையா என்ற வழக்கு எங்கள் கடைக்கு இரண்டு தடவை வந்திருக்கிறது. என் மச்சாள் கிளிநொச்சியில் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் குவாலிட்டி செக்கிங்கில் நிற்கிறார். அவர் சாறியின் உள்ளோரத்தில் பிசிறி நின்ற நூலில் ஒன்றை இழுத்து, விளக்குத் திரியில் காட்டினார். முடி பொசுங்கும் மணம் வந்து, சாம்பல் விரலில் நொருங்கினால் பட்டு. உருகிச் சுருண்டு, ஆறியதும் கறுப்பாக ஒரு கெட்டி மணி நின்றால் பொலியெஸ்டர். முதல் சாறியில் மணி நின்றது. அந்த மணியைக் கண்ணாடித்துண்டில் வைத்து எடுத்த படத்துக்கு முன்னால் விற்றவரால் வாதாட முடியவில்லை. மச்சாளிடமே கேட்டுத்தான் நான் இன்னொன்றும் பழகினேன்: உடுப்பு வந்ததும் முதலில் உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். ஓவர்லொக் நூல் ஒரு நிறமாகவும் இடையில் ஒரு சாண் வேறு நிறமாகவும் ஓடினால், அந்த இடம் பிரிந்து திரும்பத் தைத்தது.

அப்புறம், தோய்க்கக் கூடாது. முடிவு வரும்வரை தண்ணீர் காட்டாமல் ஒரு பையில் கட்டி விறாந்தையிலோ கோழிக்கூட்டுப் பக்கமோ எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். வீட்டுக்குள் எடுக்கத்தான் வேண்டும் என்றில்லை. அம்மாவின் நியாயம் அதில் கெடாது.

விற்றவரோடேயே பேசித் தீர்ப்பது

பேஸ்புக் லைவ், வட்ஸ்அப் குழு போன்றவற்றில் நடக்கும் உள்ளூர் ஏலங்களுக்கு இதுதான் முதல் வழி. பெரும்பாலும் கடைசி வழியும் இதுதான். வங்கிக்கணக்குக்குப் போட்ட காசு, மெஷினில் வைப்புச் செய்த காசு, போய்ச் சேர்ந்தவரின் சம்மதம் இல்லாமல் திரும்பாது. வங்கியில் போய் நின்றால் "நீங்களே போட்டிருக்கிறீங்கள்" என்றுதான் சொல்வார்கள்.

கேட்பதற்கு இரண்டு விஷயம் உண்டு. உடுப்பைத் திருப்பி அனுப்பி முழுக்காசையும் கேட்கலாம். அல்லது உடுப்பை வைத்துக்கொண்டு ஒரு பகுதியைக் கேட்கலாம். உள்ளூரில் எடுக்கும் சிறுதொகைக்கு நான் இரண்டாவதன் பக்கம்தான் நிற்பேன். வன்னியிலிருந்து கொழும்புக்கோ மட்டக்களப்புக்கோ ஒரு பொதி போய்வருவதற்கு இரண்டு கூரியர் காசு. அதை யார் கட்டுவது என்பதே இன்னொரு சண்டை. பொதி போய்ச் சேர்ந்த பிறகு "நான் அனுப்பினது இப்பிடி இல்லை" என்று சொல்லிவிட்டால் உடுப்பும் இல்லை, காசும் இல்லை. ஒரு பகுதிக் காசு கேட்கும்போது உடுப்பு உங்கள் கையில் இருக்கிறது. தெறி, சிப், கரைக்குப் ஃபோல்ஸ், பக்கத்தில் ஒரு பிடிப்பு என்பவை எங்கள் தையல்காரரிடம் சில நூறு ரூபாயோடு முடிகிற காரியம். அந்தச் செலவையும், பழுதால் குறைந்த பெறுமதியையும் கூட்டிக் கேட்டால் பலர் தருகிறார்கள்.

ஆனால் திருத்த முடியாத பழுதுக்கு இது சரிவராது. மடிப்பில் அறுந்த பட்டு, பூஞ்சணம் ஏறிக் கறுத்த துணி, உடம்புக்கே ஏறாத அளவு இவற்றுக்குப் பாதிக்காசை வாங்கினால் மிச்சப் பாதி சும்மா போனதுதான். என் சாறிக்கு நான் 2,500 உடன் ஒத்துக்கொண்டது அந்த வகையில் பிழையான தெரிவு. ஆதாரம் இல்லாததால் வேறு வழி இருக்கவில்லை.

எழுதும்போது கோபத்தைக் கொட்டாமல், ஆதாரம், கேட்கும் தொகை, தவணை மூன்றும் ஒரே மெசேஜில் வரும்படி எழுதுங்கள். நான் கடையில் எழுதிக் கொடுப்பது இப்படி இருக்கும்: "அக்கா, நேற்று வந்த பொதியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்தனான். இடது கைப்பக்கம் மூன்று அங்குலம் கிழிசல் இருக்கு. நீங்கள் டமேஜ் ஒன்றும் இல்லையெண்டு லைவில் சொன்ன இடமும் என்னட்ட இருக்கு. 1,800 ரூபா திருப்பித் தந்தால் நான் வைச்சுத் தைச்சுப் போடுறன். இல்லையெண்டால் உடுப்பை அனுப்பிவிடுறன், முழுக்காசும் கூரியர் செலவும் தாங்கோ. வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்கோ." இதைப் பகிரங்கமாகக் கொமெண்டில் போட முதல் இன்பொக்ஸில் போடுங்கள். எல்லோருக்கும் முன்னால் மானம் போன பிறகு காசு தருகிறவர் குறைவு.

பொதி கைக்கு வந்ததும் காசு கொடுக்கும் முறையென்றால் உங்கள் பக்கம் கொஞ்சம் கூடப் பலம். காசு கொடுக்க முதல் பிரித்துப் பார்க்கப் பெரும்பாலும் விடமாட்டார்கள். ஆனால் கூரியர் நிறுவனங்கள் அந்தக் காசை விற்றவருக்கு உடனே கொடுப்பதில்லை, சில நாள் கழித்துத்தான் கணக்கு முடிக்கும். ஆகவே அன்றைக்கே, அந்த மணித்தியாலத்துக்குள்ளேயே பிரித்துப் பார்த்து எழுதுங்கள்.

ஈபேயில் எடுத்தது என்றால்

இங்கே கதை வேறு. விற்றவரோடு நயந்து பேச வேண்டிய தேவை அவ்வளவு இல்லை, ஏனென்றால் தளத்துக்கே ஒரு உத்தரவாதம் இருக்கிறது. சொன்னபடி இல்லாத பொருளுக்கு, பொருள் வந்த நாளிலிருந்தோ வரவேண்டிய கடைசி நாளிலிருந்தோ 30 நாளுக்குள் திருப்பும் கோரிக்கையைத் தளத்துக்குள்ளேயே போட வேண்டும். விற்றவர் பதில் சொல்ல 3 வேலைநாள். அதற்குள் தீர்க்காவிட்டால் ஈபேயைத் தலையிடச் சொல்லலாம். "திருப்பி எடுக்கமாட்டேன்" என்று விற்றவர் போட்டிருந்தாலும், பொருள் சொன்னபடி இல்லையென்றால் இந்த உத்தரவாதம் செல்லும். இது தெரியாமல் அந்த வரியைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனவர்கள் எத்தனையோ பேர். திருப்பி அனுப்பும் செலவும் அப்போது விற்றவரின் பொறுப்பு. கிளிநொச்சியிலிருந்து இங்கிலாந்துக்கு ஒரு ஜீன்ஸை அனுப்பும் செலவைக் கேட்டதும் "வைத்துக்கொள்" என்று காசைத் திருப்பிவிட்டவர்களும் உண்டு.

அனுப்பத்தான் வேண்டுமென்றால் சாதாரண பொதியாக அனுப்பாதீர்கள். பதிவுத் தபாலோ, ஈஎம்எஸ் என்ற விரைவுத் தபாலோ, தடம் பார்க்கக்கூடிய இலக்கம் உள்ள ஒன்று வேண்டும். தபால் கந்தோரில் தரும் பற்றுச்சீட்டை அன்றைக்கே படம் எடுத்துக் கோரிக்கைக்குள் ஏற்றுங்கள். வெப்பத்தில் அந்த எழுத்து மங்கிப் போய்விடும்.

இரண்டு இடத்தில் கால் வழுக்கும். ஒன்று, விற்றவர் "தளத்தை விட்டு வெளியில் பேசுவோம், நான் நேரே காசு அனுப்புகிறேன், கோரிக்கையை மூடிவிடு" என்று நயமாக எழுதுவார். மூடினால் திறக்க முடியாது. கேட்கவே வேண்டாம். மற்றது, ஒரு பகுதிக் காசு தருகிறேன் என்று தளத்துக்குள்ளேயே ஒரு தொகையைக் காட்டுவார். அதை ஒத்துக்கொண்டால் விஷயம் அதோடு முடிந்தது. உள்ளூரில் பகுதிக் காசு நல்லது என்று சொன்ன நானே, ஈபேயில் அவசரப்பட்டு அதை ஒத்துக்கொள்ளாதே என்பேன். அங்கே முழுக்காசுக்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது.

வரும் காசு முழுக்காசுதானா? பொருளின் விலையும் அனுப்பும் செலவும் வரும். இங்கே சுங்கத்தில் நீங்கள் தனியாகக் கட்டிய வரி அதோடு வராது. ரூபாயின் பெறுமதியும் கட்டிய நாளிலும் திரும்பிய நாளிலும் ஒன்றாக இருக்காது.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. சட்டையை மேசையில் விரித்து, ஒரு கக்கத்திலிருந்து மற்றக் கக்கத்துக்கு அளந்த எண்ணைத்தான் விபரத்தில் போடுவார்கள். 20 அங்குலம் என்றால் நெஞ்சுச் சுற்றளவு 40. அதைச் சுற்றளவு என்று நினைத்துவிட்டு "மிகச் சின்னதாக்கும்" என்று விடுகிறவர்களும், சீட்டில் உள்ள எம், எல் எழுத்தை மட்டும் நம்பி எடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். இங்கிலாந்தின் 12 ஆம் அளவும் அமெரிக்காவின் 12 ஆம் அளவும் ஒன்றல்ல, அமெரிக்க அளவு பெரியது. விபரத்தில் அங்குலம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதியிருந்தால் அதுவே பிறகு உங்கள் ஆதாரம். எழுதாமல் எழுத்தை மட்டும் போட்டிருந்தால், பொருந்தாதது விற்றவரின் பிழை என்று நிறுவுவது கஷ்டம்.

கார்ட் வழியும் பேபால் வழியும்

கார்ட்டால் கட்டியிருந்தால் வங்கியில் முறைப்பாடு போட்டுக் காசைத் திருப்ப ஒரு வழி இருக்கிறது. டெபிட் கார்ட்டுக்கும் உண்டு. விசாவில் பொதுவாக 120 நாள் தவணை. சொன்னபடி இல்லை என்ற காரணத்துக்கு, விற்றவரோடு தீர்க்கப் பார்த்தீர்கள், பொருளைத் திருப்பி அனுப்பினீர்கள் அல்லது அனுப்ப முயன்றீர்கள் என்று காட்ட வேண்டும். ஒன்லைனில் காசு கட்டும் சேவையான பேபாலில் 180 நாள். அங்கே பிணக்கைத் திறந்த பிறகு 20 நாளுக்குள் அதைக் கோரிக்கையாக உயர்த்தாவிட்டால் தானாக மூடிவிடும். இலங்கைப் பேபால் கணக்கால் காசு கட்டலாம், வியாபாரக் காசு வாங்க முடியாது. அதனால் உள்ளூர் ஏலத்துக்கு அது உதவாது.

நாள் கூட இருக்கிறது என்பதற்காக இந்த வழியை முதலில் எடுக்காதீர்கள். ஈபேயில் கோரிக்கை ஓடும்போதே வங்கியிலும் போட்டால், ஈபே தன் பக்கத்துக் கோரிக்கையை மூடிவிடும். பிறகு வங்கி என்ன சொல்கிறதோ அதுதான். முதலில் தளம், அது கைவிட்டால் வங்கி. 30 நாள் தவறிப்போனவருக்கு இது பின்கதவு.

லண்டன் சித்தி வீட்டு விலாசம்

எங்கள் பக்கத்தில் நிறையப்பேர் செய்வது இது. ஏலம் கேட்பது இங்கே, பொதி போவது லண்டனில் சித்தி வீட்டுக்கு, சித்தி ஊருக்கு வரும்போது கொண்டு வருவார். தபால் செலவு மிச்சம். நல்ல வழிதான். காசு திருப்புவதிலும் நல்ல வழியாக இருக்கலாம், ஏனென்றால் சித்தி அங்கிருந்தே உள்ளூர் விலைக்குத் திருப்பி அனுப்பலாம். பிரித்தானியாவில் 2013 ஆம் ஆண்டு வந்த விதிகளின்படி, விற்பவர் வியாபாரியாக இருந்தால், ஒன்லைனில் எடுத்ததைக் கைக்கு வந்து 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே வேண்டாம் என்று சொல்லலாம். ஈபே ஏலத்தில் எடுத்ததற்கும் அது பொருந்தும். தன் அலுமாரியைக் காலி செய்யும் தனியாளிடம் எடுத்தால் பொருந்தாது.

ஆனால் நடப்பது என்ன? பொதி பெப்ரவரியில் சித்தி வீட்டுக்குப் போகிறது. அவர் பிரிக்காமல் அப்படியே பெட்டிக்குள் வைக்கிறார். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கு வரும்போது கொண்டு வருகிறார். பிரித்தால் ஜம்பருக்குக் கழுத்தில் ஓட்டை. 30 நாள் எப்போதோ போய்விட்டது. முதல் விலாசத்திலிருந்து வேறு விலாசத்துக்கு அனுப்பிய பொருளுக்கு ஈபேயின் உத்தரவாதமும் செல்லாது. இதில் சித்தியில் பிழை இல்லை, அவருக்கு யாரும் சொல்லவில்லை.

ஆகவே சித்தி வீட்டு வழியை எடுக்கிறவர்கள் ஒரு வேலையை அவரிடம் கெஞ்சிக் கேட்டுக்கொள்ளுங்கள்: "பொதி வந்த அண்டைக்கே வீடியோ கோல் எடுங்கோ சித்தி, நான் பாக்கப் பாக்கப் பிரியுங்கோ. அளவு நாடாவும் பக்கத்தில வைச்சிருங்கோ." அதைச் செய்ய அவருக்கு நேரமிருக்குமென்றால், நான் சொன்ன எல்லா வழியிலும் இதுதான் மேல். நேரமில்லாதவர் என்றால் நேரே இங்கே எடுப்பது நல்லது.

அதிகார சபையும் இணக்க சபையும்

பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம். பொருள் பற்றிய முறைப்பாட்டை வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், பற்றுச்சீட்டின் பிரதியோடு. ஏலத்தில் எடுத்தவருக்குப் பற்றுச்சீட்டு எங்கே என்று கேட்பீர்கள். 2006 ஆம் ஆண்டின் மின்னணுக் கொடுக்கல்வாங்கல் சட்டத்துக்குப் பிறகு, மின்வடிவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு ஆவணத்தைத் தள்ளிவிட முடியாது. வங்கிக்குக் காசு போட்ட சீட்டு, வட்ஸ்அப் உரையாடல், லைவின் ஸ்கிரீன்ஷொட் எல்லாவற்றையும் திகதி தெரியும்படி பிரின்ட் எடுத்துக் கோவையாகக் கொண்டு போங்கள்.

இந்த வழி யாருக்குச் சரிவரும்? ஒவ்வொரு கிழமையும் லைவ் போட்டு ஐம்பது உருப்படி விற்கிறவர் மீது முறைப்பாடு என்றால் கொடுக்கத்தான் வேண்டும், அவர் வியாபாரி. தன் ஒரே கூறைச் சாறியைக் கஷ்டத்துக்கு விற்ற ஒருவரை வியாபாரி என்று காட்டுவது கடினம், நான் அதைச் செய்யச் சொல்லவும் மாட்டேன். அப்படிப்பட்டவர் பக்கத்து ஊரில் இருந்தால் இணக்க சபை இருக்கிறது. 1988 ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த அமைப்பு, சட்டத்தரணி பிடிக்கத் தேவையில்லை, இரண்டு பக்கத்தையும் இருத்திப் பேசுவார்கள். ஆனால் 3,000 ரூபாய் உடுப்புக்காக ஒருநாள் கூலியை விட்டு, பஸ் ஏறிப் போய்வருவதைக் கணக்குப் பாருங்கள். ஒட்டுசுட்டான் பக்கத்து அக்கா ஒருவர் மூன்று தடவை அலைந்தார். காசு வந்தது, ஆனால் அலைந்த நாட்களின் கூலி அதைவிடக் கூட. "காசுக்காக இல்லை பிள்ளை, என்னைப் பொய்க்காரி எண்டவை" என்றார். அந்தக் காரணத்துக்குப் போகிறவரை நான் மறிக்கமாட்டேன்.

இப்போது கடையில் ஒரு ஜீன்ஸ் ஜக்கெட் கிடக்கிறது. விசுவமடுத் தம்பி ஒருவர் ஈபே ஏலத்தில் இங்கிலாந்திலிருந்து எடுத்தது. விபரத்தில் கக்கத்துக்குக் கக்கம் 23 அங்குலம். காட்சிப் பெட்டிக் கண்ணாடிக்கு மேல் விரித்து, அளவு நாடாவின் எண் தெரியப் படம் எடுத்தோம்: இருபதரை. அவர் கையைத் தூக்கினால் முதுகு இழுக்கிறது. கோரிக்கை போட்டாயிற்று. விற்றவர் 40 வீதம் தருகிறேன், வைத்துக்கொள் என்று எழுதியிருக்கிறார். தம்பிக்கு அதை ஒத்துக்கொள்ள ஆசை, ஏனென்றால் ஜக்கெட் வடிவு.

ஆசைக்கு 40 வீதம் வாங்கிக்கொண்டு போட முடியாத உடுப்பை வைத்திருப்பதில் அர்த்தமில்லை என்று சொன்னேன். அவருக்கு மெல்லிய ஒரு தம்பி இருக்கிறார், மாங்குளத்தில் வேலை. திங்கட்கிழமை வந்து போட்டுப் பார்ப்பாராம். அவருக்குப் பொருந்தினால் 40 வீதம் நல்ல விலை. பொருந்தாவிட்டால் திருப்பி அனுப்பி முழுக்காசு. பொதி வந்து இன்று 19 ஆம் நாள். அதுவரை ஒத்துக்கொள்ளும் பட்டனில் கை வைக்க வேண்டாம் என்று சொல்லி, ஜக்கெட்டைத் தோய்க்காமல் பையில் கட்டிக் கடையிலேயே வைத்திருக்கிறேன்.